சாம்பல் வரைந்த கோடு: தொலைதூரப் பாறை அடுக்குகளைப் பொருத்துவது எப்படி?

புதைபடிவம் ஒன்று கிடைத்ததாகச் செய்தி வந்தால், அதன் நடுவில் எங்காவது இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: “அருகிலிருந்த எரிமலைச் சாம்பல் படுகையை வைத்து அதன் வயது கணக்கிடப்பட்டது.” படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். சாம்பலுக்குள் ஏதோ கடிகாரம் இருக்கிறது, விஞ்ஞானிகள் அதைப் பார்த்து மணி சொல்லிவிடுகிறார்கள் என்ற எண்ணம் மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. இது பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவையானது. அதைத்தான் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

சாம்பல் படுகையின் முதல் வேலை வயது சொல்வதல்ல. நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் கிடக்கும் இரண்டு அடுக்குகளைக் காட்டி, “இவை ஒரே சமயத்தில் படிந்தவை” என்று சொல்வதே முதல் வேலை. அது எந்தச் சமயம் என்பது அடுத்த கேள்வி. இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடும் வழிகள் வேறு. அவை சறுக்கும் இடங்களும் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இதைப் பற்றிய பேச்சு அடிக்கடி தடம் புரள்கிறது.

## ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒரே காலம் அல்ல

ஆற்றிலும் ஏரியிலும் கடலடியிலும் மணலும் வண்டலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகிக் கல்லானவையே படிவுப் பாறைகள். புரட்டிப் போடப்படாத வரை அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. 17ஆம் நூற்றாண்டில் நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிவைத்த இந்த விதி ஒரே மலைச்சரிவில் நிற்கும்வரை கைகொடுக்கும். அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனால், அங்கே உள்ள எந்த அடுக்கு இங்கே உள்ள எந்த அடுக்குக்குச் சமகாலம் என்று அது சொல்லாது.

இரண்டு ஊர்களில் இரண்டு பேர் எழுதிய நாட்குறிப்புகள் கிடைத்திருக்கின்றன என்று வையுங்கள். இரண்டிலும் தேதி கிடையாது. ஒருவர் நாளுக்கு நான்கு பக்கம் எழுதுகிறவர். இன்னொருவர் மாதத்துக்கு நான்கு வரி. ஒருவரின் ஐம்பதாவது பக்கத்தை மற்றவரின் ஐம்பதாவது பக்கத்தோடு வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. ஆனால் இருவருமே ஓரிடத்தில் “இன்று நண்பகலில் சூரிய கிரகணம், ஊரே இருண்டது” என்று எழுதியிருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. அந்த இரண்டு பக்கங்களும் ஒரே நாள். அதற்கு முந்தைய பக்கங்கள் எல்லாம் கிரகணத்துக்கு முன்பு, பிந்தையவை எல்லாம் பின்பு. கிரகணம் எந்த ஆண்டு என்று தெரியாமலேயே இவ்வளவையும் சொல்லிவிடலாம். ஆண்டு தெரிந்தால் இன்னும் நல்லது. ஆனால் இருவரும் பார்த்தது ஒரே கிரகணம்தானா, அல்லது பல ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு கிரகணங்களா என்ற சந்தேகத்தைத் தீர்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

வெவ்வேறு இடங்களின் அடுக்குகளில் எது எதற்குச் சமகாலம் என்று கண்டறியும் இந்த வேலைக்கு அடுக்குப் பொருத்தம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பாறையின் தோற்றத்தை வைத்து இதைச் செய்யப் போனால் ஏமாறுவோம். கடல் மெல்ல மெல்ல நிலத்துக்குள் ஏறிவரும்போது கரையோர மணலும் அதோடு நகர்கிறது. கடைசியில் நமக்குக் கிடைப்பது ஒரே சீரான மணற்கல் அடுக்கு. நடந்து பார்த்தால் எங்கும் முறிவு தெரியாது. ஆனால் அதன் ஒரு முனை மறுமுனையைவிடப் பல லட்சம் ஆண்டுகள் மூத்ததாக இருக்கக்கூடும்.

புதைபடிவங்கள் இதைவிட நல்ல வழிகாட்டிகள். 19ஆம் நூற்றாண்டின் நிலவியல் முழுவதும் அவற்றின் மேல்தான் நின்றது. இருந்தாலும் ஓர் உயிரினம் ஓரிடத்தில் தோன்றி இன்னோர் இடத்துக்குப் பரவ நேரம் எடுக்கும். ஒரு பகுதியில் அழிந்த பிறகும் வேறொரு பகுதியில் நீடிக்கும். அதனால் அவை காட்டும் கோடு கொஞ்சம் தடிமனானது.

இதுவரை சொன்னதில் மனதில் வைக்கவேண்டியது இரண்டு. ஒரே தோற்றம் ஒரே காலத்துக்குச் சான்று அல்ல. நமக்குத் தேவை, பரந்த நிலப்பரப்பில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பதிவாகி, பிற்பாடு அடையாளம் காணக்கூடிய ஒரு நிகழ்வு.

## எரிமலைச் சாம்பல்: பொடியாக நொறுங்கிய கண்ணாடி

எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்து மிஞ்சியதல்ல. பூமிக்கடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பில் நீராவியும் வேறு வாயுக்களும் அழுத்தத்தினால் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் தணிகிறது, வாயு குமிழ்களாகப் பிரிகிறது. குமிழ்கள் பெருத்து ஒன்றையொன்று நெருக்கி, ஒரு கட்டத்தில் குழம்பையே சிதறடித்துவிடுகின்றன. சிதறியவை காற்றில் பட்டதும் உறைந்துபோகின்றன. அணுக்கள் வரிசைகட்டிப் படிகமாவதற்கு அவகாசம் கிடைக்காததால் அவை கண்ணாடியாகின்றன. இப்படிச் சிதறியவற்றில் 2 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களையே நிலவியலில் சாம்பல் என்கிறார்கள். கண்ணாடிச் சில்லுகளோடு, குழம்பில் ஏற்கெனவே விளைந்திருந்த படிகங்களும் எரிமலைச் சுவரிலிருந்து பெயர்ந்த பழைய கல்துகள்களும் அதில் கலந்திருக்கும்.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இந்தச் சில்லுகளை மறக்க முடியாது. ஆற்று மணல் உருண்டு, தேய்ந்து, மழுங்கியிருக்கும். சாம்பல் சில்லுகளோ கூர்மையானவை, வளைந்தவை, பெரும்பாலும் நிறமற்றவை. மூன்று குமிழ்கள் முட்டிக்கொண்ட இடத்தில் இருந்த சுவர் அப்படியே உடைந்து, மூன்று கிளையாகப் பிரிந்த கவட்டை போல நிற்கும். சிலவற்றில் குமிழ்கள் மெல்லிய குழல்களாக இழுபட்டிருக்கும். வண்டலுக்குள் இவை கிடந்தால், பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

எரிமலை வான்வழியே வீசியெறியும் சாம்பல், நுரைக்கல், கல்துண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுப்பெயர் டெஃப்ரா. ஐஸ்லாந்து நிலவியலாளர் சிகுர்துர் தோராரின்சன் 1944இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்து, டெஃப்ரா அடுக்குகளைக் கொண்டு காலவரிசை அமைக்கும் துறைக்கும் அதிலிருந்தே பெயரிட்டார்.

பெரிய வெடிப்பில் சாம்பல் எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு நேரத்தில் போகும்? அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் 1980 மே 18 அன்று வெடித்தபோது அதன் நுண்துகள் மேகம் 15 நாட்களில் உலகைச் சுற்றிவந்தது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடூபோ வெடித்தபோது சாம்பல் 35 கிலோமீட்டர் உயரம்வரை எழும்பியது. கனமான துகள்கள் சில மணி நேரத்தில் கீழே விழுந்துவிடும். நுண்ணியவை நாட்கணக்கில், வாரக்கணக்கில் மிதந்து இறங்கும். ஒரு சென்டிமீட்டர் வண்டல் படியப் பல பத்தாண்டுகள் ஆகும் ஏரியில், சில வாரம் என்பது கணக்கிலேயே வராது. அது காட்டிலும் சதுப்பிலும் பனிப்பாறையிலும் ஆழ்கடலிலும் ஒருசேர விழுகிறது என்பது இன்னொரு வசதி. காட்டின் மகரந்தத்தையும் ஆழ்கடலின் நுண்ணுயிர் ஓடுகளையும் ஒப்பிட்டுக் காலம் காண முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரே சாம்பல் கிடந்தால் முடியும்.

## இது அதே சாம்பல்தான் என்று எப்படித் தெரியும்?

வெள்ளையாக, பொடியாக, சாம்பலாக இருக்கிறது என்பது போதாது. எல்லாச் சாம்பலும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். அடையாளம் அதன் வேதியியலில் இருக்கிறது.

பாறைக்குழம்பு ஒரே கலவையாக நிலைத்திருப்பதில்லை. நிலத்தடி அறையில் தங்கி மெல்லக் குளிரும்போது அதில் படிகங்கள் விளைகின்றன. ஒவ்வொரு வகைப் படிகமும் தனக்கு வேண்டிய தனிமங்களை இழுத்துக்கொள்கிறது. ஒன்று இரும்பையும் மக்னீசியத்தையும், இன்னொன்று கால்சியத்தையும் எடுத்துக்கொள்ள, மிஞ்சும் உருகலின் கலவை மாறிக்கொண்டே வருகிறது. கீழிருந்து புதுக் குழம்பு வந்து கலந்தால் மறுபடி மாறும். எரிமலை வெடிக்கும் தருணத்தில் அந்த உருகல் எந்தக் கலவையில் இருந்ததோ, அது கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. ஆகவே ஒரே எரிமலையின் இரண்டு வெடிப்புகள்கூடச் சற்றே வேறுபட்ட கண்ணாடியைத் தரக்கூடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தொடக்கநிலை விளக்கங்களில் இதை ஏனோ தவிர்த்துவிடுகிறார்கள். சாம்பலை மொத்தமாக அரைத்துப் பகுப்பாய்வு செய்தால் குழப்பமே மிஞ்சும். கனமான படிகங்கள் எரிமலைக்கு அருகிலேயே விழுந்துவிடும். இலேசான கண்ணாடி வெகுதூரம் போகும். அதனால் ஒரே சாம்பலின் மொத்தக் கலவை 50 கிலோமீட்டரில் ஒன்றாகவும் 1,000 கிலோமீட்டரில் வேறாகவும் இருக்கும். கண்ணாடியின் கலவையோ பயணத்தால் மாறுவதில்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் மாதிரியைக் கழுவி, சலித்து, அடர்த்தி அறிந்த கனமான திரவத்தில் மிதக்கவிட்டுக் கண்ணாடிச் சில்லுகளை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். அவற்றைப் பிசினில் பதித்து மெருகேற்றி, ஒவ்வொரு சில்லின்மீதும் மெல்லிய எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சுகிறார்கள். திரும்பிவரும் எக்ஸ் கதிர்கள், அந்தச் சில்லில் சிலிக்கா எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று சொல்லிவிடும். அதுவும் பத்தாவிட்டால், பத்து லட்சத்தில் சில பங்கே இருக்கும் அரிய தனிமங்களை லேசர் கொண்டு அளக்கிறார்கள்.

இரண்டு இடங்களின் எண்கள் பொருந்திவந்தால் வழக்கு முடிந்ததா? இல்லை. எண்கள் பொருந்தவில்லை என்றால் “வெவ்வேறு சாம்பல்” என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். பொருந்தினால் “ஒன்றாக இருப்பதற்குத் தடையில்லை” என்றுதான் சொல்ல முடியும். மேலும் கீழும் உள்ள புதைபடிவங்கள், உடனிருக்கும் கனிமங்கள், படிவில் பதிவான பூமியின் பழைய காந்தத் திசை எல்லாம் சேர்ந்து ஒத்துழைத்தால்தான் நம்பிக்கை வலுக்கும். இந்த ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொண்டால் இத்துறையின் சச்சரவுகளில் பாதி புரிந்துவிடும்.

சுருக்கமாக: வெடிப்பின் அடையாளம் கண்ணாடியின் கலவையில் இருக்கிறது. பொருந்தாமை தீர்ப்பு, பொருத்தம் வலுவான சந்தேகம் மட்டுமே.

## வயது என்பது தனிக் கேள்வி

மணற்கல்லுக்கு நேரடியாக வயது கண்டுபிடிப்பது கடினம். அதிலுள்ள ஒவ்வொரு மணல் துகளும் எங்கோ ஒரு பழைய பாறையிலிருந்து அரித்துவந்தது. அளந்தால் அந்தப் பழைய பாறையின் வயதுதான் கிடைக்கும். சாம்பலில் உள்ள படிகங்கள் அப்படியல்ல. அவை வெடித்த குழம்பிலேயே விளைந்தவை. அவற்றில் சில ஃபெல்ஸ்பார் படிகங்களில் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியத்தின் கதிரியக்க வடிவம் ஒன்று சீரான வேகத்தில் வேறு தனிமங்களாக மாறுகிறது; அதில் ஒரு பங்கு ஆர்கான் வாயுவாகிறது. பாதி மாறுவதற்கு 125 கோடி ஆண்டுகள் ஆகும். உருகிய நிலையில் ஆர்கான் தப்பித்துவிடும். வெடித்துக் குளிர்ந்த பிறகுதான் படிகத்துக்குள் சேரத் தொடங்கும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வெடித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியும். சிர்கான் படிகங்களில் இதே வேலையை யுரேனியம் செய்கிறது. அது ஈயமாக மாறுகிறது. சிர்கானில் மட்டும் ஓர் எச்சரிக்கை: அது வெடிப்புக்கு வெகுகாலம் முன்பே குழம்பில் விளைந்திருக்கலாம்.

இப்போது இரண்டு கேள்விகளும் கைகோக்கின்றன. எரிமலைக்கு 2,000 கிலோமீட்டர் அப்பால் விழுந்த மெல்லிய சாம்பலில் வயது காணத்தக்க பெரிய படிகங்கள் அகப்படுவது அரிது. ஆனால் எரிமலைக்கு அருகில் அதே வெடிப்பின் தடித்த படிவில் அவை தாராளமாகக் கிடைக்கும். அங்கே வயதை அளந்து, கண்ணாடியின் கைரேகையை வைத்து இரண்டும் ஒன்றே என்று காட்டிவிட்டால், அந்த வயது தொலைதூர அடுக்குக்கும் சொந்தமாகிவிடுகிறது. சில சமயம் படிகமே தேவைப்படாது. ஐஸ்லாந்தில் மனிதக் குடியேற்றம் தொடங்கிய காலத்தை ஒட்டி விழுந்த சாம்பலின் சில்லுகள் கிரீன்லாந்துப் பனியிலும் கிடைத்தன. பனியின் ஆண்டு அடுக்குகளை எண்ணி, அது கி.பி. 870களில் விழுந்தது என்று கண்டார்கள்.

## ஒரு சாம்பலைச் சுற்றி நடந்த பத்தாண்டுச் சண்டை

கென்யாவின் துர்கானா ஏரிக்குக் கிழக்கே கூபி ஃபோரா என்ற வறண்ட நிலம் இருக்கிறது. அங்கே 1969இல் கே பெஹ்ரென்ஸ்மேயர் என்ற நிலவியல் மாணவி, கெட்டிப்பட்ட சாம்பல் அடுக்கு ஒன்றில் கல்கருவிகளைக் கண்டார். அவர் பெயரின் முதலெழுத்துகளோடு ‘தளம்’ (Site) என்பதன் முதலெழுத்தையும் சேர்த்து அந்த அடுக்குக்கு கேபிஎஸ் டஃப் என்று பெயர் வந்தது. இறுகிக் கல்லான சாம்பலே டஃப்.

அதன் மாதிரியைப் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் அளந்தபோது முதலில் 22 கோடி ஆண்டு என்று வந்தது. அப்படி இருக்கவே முடியாது. பழைய பாறைத் துகள்கள் சாம்பலோடு கலந்துவிட்டிருந்தன. படிகங்களைத் தேர்ந்தெடுத்து மீண்டும் அளந்ததில் சுமார் 26 லட்சம் ஆண்டு என்று கிடைத்தது. 1972இல் அந்த அடுக்குக்குக் கீழே இருந்து, பிற்பாடு 1470 என்ற எண்ணால் உலகப்புகழ் பெற்ற மண்டையோடு கிடைத்தது. சாம்பலுக்கே 26 லட்சம் என்றால் அதற்குக் கீழே இருப்பது இன்னும் பழையது அல்லவா? பெரிய மூளைகொண்ட மனித மூதாதை நினைத்ததைவிட மிக முன்னதாகவே தோன்றிவிட்டான் என்று செய்தி பரவியது.

மறுப்பு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. பன்றிகளிடமிருந்து. அதே ஏரியின் வடக்கே, எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் நன்றாக வயது கண்ட அடுக்குகள் இருந்தன. பன்றிப் புதைபடிவங்களை ஒப்பிட்ட பேஸில் குக், கேபிஎஸ் சாம்பலுக்குக் கீழே உள்ள பன்றிகள் ஓமோவில் ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுப் பழமையான அடுக்குகளில் உள்ளவற்றோடுதான் பொருந்துகின்றன என்று காட்டினார். 1975இல் வேறோர் ஆய்வகம் அளந்தபோது 18 லட்சம், 16 லட்சம் என இரண்டு வயதுகள் வந்தன. இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை.

முடிச்சு அவிழ்ந்ததில் சாம்பலின் வேதியியலுக்கும் பங்கு உண்டு. 1979இல் துரே செர்லிங், ஃபிராங்க் பிரவுன் ஆகியோரின் குழு, கேபிஎஸ் டஃபும் ஓமோவில் ஹெச்2 என்று குறிக்கப்பட்ட டஃபும் ஒரே வெடிப்பின் சாம்பல் என்று கண்ணாடியின் கலவையைக் கொண்டு காட்டியது. இதில் புது வயது எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். “இதுவும் அதுவும் ஒன்று” என்று மட்டுமே காட்டினார்கள். ஆனால் அவை ஒன்று என்றால், ஓமோவின் வரிசை முழுவதும் கூபி ஃபோராவின் வரிசையோடு பூட்டப்பட்டுவிடுகிறது. 26 லட்சத்துக்கு அதில் இடமில்லை. அடுத்த ஆண்டே இயன் மக்டூகல் முதலியோர் கவனமாகச் செய்த புதிய அளவீடுகள் சுமார் 19 லட்சம் என்ற வயதை உறுதிசெய்தன. மண்டையோட்டின் வயதும் 20 லட்சத்தை ஒட்டி இறங்கிவந்தது.

அதன் பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்த வேலை சூடுபிடித்தது. துர்கானா பகுதியில் துலு போர் என்று அழைக்கப்படும் சாம்பலும், ‘லூசி’ என்ற மனித மூதாதையின் எலும்புக்கூடு கிடைத்த எத்தியோப்பியாவின் ஹதாரில் சிடி ஹகோமா எனப்படும் சாம்பலும் ஒன்றே என்று தெரிந்தது. ஏடன் வளைகுடாவின் ஆழ்கடல் துளைமாதிரியிலும் (கடலடியைத் துளைத்து எடுத்த வண்டல்) அதே சாம்பல் இருந்தது. ஏறத்தாழ 34 லட்சம் ஆண்டுக்கு முன்பு விழுந்தது அது. நிலத்தில் வாழ்ந்த மனித மூதாதையரின் அடுக்குகளும், காலநிலையைப் பதிவுசெய்த கடலடி வண்டலும் ஒரே கோட்டில் வந்து நின்றன.

## ஒன்று என்று நம்பியது மூன்றாகப் பிரிந்தபோது

எதிர்மாறான கதை அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் நடந்தது. கான்சாஸ், நெப்ராஸ்கா முதலிய மாநிலங்களில் ஆங்காங்கே தென்பட்ட வெள்ளைச் சாம்பலுக்கு பேர்லெட் சாம்பல் என்று பெயரிட்டு, அது எங்கும் ஒரே படுகை என்று நெடுங்காலம் எடுத்துக்கொண்டார்கள். பனியுகப் படிவுகளில் எது கான்சன், எது நெப்ராஸ்கன் என்ற காலப் பிரிவைச் சேர்ந்தது என்று வகுப்பதற்கு அந்தச் சாம்பலே அளவுகோலாக இருந்தது.

கண்ணாடியையும் கனிமங்களையும் நுணுக்கமாக ஆராய்ந்த பிறகு, அது ஒன்றல்ல, மூன்று என்று தெரிந்தது. மூன்றுமே யெல்லோஸ்டோன் எரிமலைப் பகுதியிலிருந்து வந்தவை. ஒன்று சுமார் 21 லட்சம் ஆண்டுக்கு முன்பு, அடுத்தது 13 லட்சம், மூன்றாவது 6.3 லட்சம். 15 லட்சம் ஆண்டு இடைவெளியை ஒரே நாள் என்று எண்ணிக் கட்டிய வரிசை நிற்குமா? கான்சன், நெப்ராஸ்கன் என்ற பிரிவுகளையே நிலவியலாளர்கள் கடைசியில் கைவிட்டார்கள். இரண்டு நாட்குறிப்புகளும் வெவ்வேறு கிரகணங்களைச் சொன்ன கதைதான் இது. சாம்பலின்மீது பழி சொல்ல ஒன்றுமில்லை; சோதிக்காமல் பொருத்தியதுதான் பிழை.

## டோபாவின் சாம்பல், இந்தியாவின் வழக்கு

சுமத்ராவின் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்தது. அது குழிந்து விழுந்த பள்ளத்தில் இப்போது 100 கிலோமீட்டர் நீள ஏரி இருக்கிறது. அந்தச் சாம்பல் வங்கக்கடலின் அடியிலும் இந்தியப் பெருங்கடலிலும் இந்திய ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் கிடக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் சோன் பள்ளத்தாக்கில் உண்டு. ஆந்திரத்தின் கர்நூல் பகுதியில் ஜுவாலாபுரத்தில் உண்டு. 7,000 கிலோமீட்டருக்கும் அப்பால் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி வண்டலிலும் அதன் சில்லுகள் அகப்பட்டிருக்கின்றன. ஜுவாலாபுரத்தில் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கல்கருவிகள் கிடைப்பதால், வெடிப்புக்கு முன்னும் பின்னும் அங்கே மனிதர் இருந்ததை ஒப்பிட்டுப் பேச முடிகிறது.

ஜுவாலாபுரம் இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. அங்கே சாம்பல் சில இடங்களில் மீட்டர் கணக்கில் தடித்துக் கிடக்கிறது. வானிலிருந்து அவ்வளவு விழுந்துவிடவில்லை. நேரடியாக விழுந்தது அடியில் உள்ள சில சென்டிமீட்டர்தான். மீதி, சுற்றியிருந்த மேட்டிலிருந்து மழை வாரிக்கொண்டுவந்து பள்ளத்தில் சேர்த்தது. இதை மறுபடிவு என்பார்கள். “எவ்வளவு தடிமன் பாருங்கள், எவ்வளவு பெரிய பேரழிவு!” என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும்.

மகாராஷ்டிரத்தில் குகடி ஆற்றங்கரையில் உள்ள போரியின் சாம்பல் இன்னும் சிக்கலானது. கைக்கோடரிகளோடு கிடைத்த அதற்கு ஒரு அளவீடு 14 லட்சம் ஆண்டு தந்தது; பின்பு வேறொன்று 6.7 லட்சம் தந்தது. கண்ணாடியை ஆராய்ந்தவர்கள், அது 74,000 ஆண்டு முந்தைய டோபா சாம்பலோடு பொருந்துகிறது என்றார்கள். டோபா முன்பும் பெரிதாக வெடித்திருக்கிறது; ஒன்று சுமார் 5 லட்சம் ஆண்டுக்கு முன்பு, இன்னொன்று ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுக்கு முன்பு. அவற்றின் கண்ணாடியும் இதற்கு நெருங்கிய உறவுதான். அரிய தனிமங்கள்வரை இறங்கிப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். ஆற்றுச் சரளையில் பழைய கோடரியும் புதிய சாம்பலும் அக்கம்பக்கமாக வந்து சேர்வதும் நடக்கக்கூடியதே. கோடரியின் வயதைச் சாம்பலிடமிருந்து வாங்குவதற்கு முன்பு இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே வந்தவையா என்று கேட்டாக வேண்டும்.

## கண்ணாடி மறைந்துபோன பழைய அடுக்குகள்

கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்தால் எரிமலைக் கண்ணாடி நிலைக்காது. நீரோடு வினைபுரிந்து களிமண்ணாகிவிடும். இப்படிச் சாம்பல் மாறி உருவான களிமண்ணே பென்டோனைட். கைரேகையைத் தாங்கிய கண்ணாடி போய்விட்டதால், இங்கே தாக்குப்பிடிக்கும் படிகங்களை நம்பவேண்டியிருக்கிறது: சிர்கான், அபடைட், பயோட்டைட், குவார்ட்ஸுக்குள் சிறைப்பட்ட பழைய உருகல் துளிகள்.

சீனாவின் மெய்ஷானில் இது அற்புதமாகப் பலித்தது. பெர்மியன் காலத்தின் முடிவில், ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுக்கு முன்பு, கடல் உயிரினங்களில் பெரும்பாலானவை அழிந்தன. அந்த அழிவின் அடுக்குக்குக் கீழேயும் மேலேயும் சாம்பல் படுகைகள் இருக்கின்றன. அவற்றின் சிர்கான்களை அளந்ததில், அழிவு முழுவதும் ஒரு லட்சம் ஆண்டுக்கும் குறைவான கால அளவில் நிகழ்ந்திருக்கிறது என்று தெரியவந்தது.

பொருத்தம் எளிதில் பலிக்காத இடமும் உண்டு. சுவீடனின் கின்னெகுல்லே குன்றில் ஏறத்தாழ 2 மீட்டர் தடிமன்வரை உள்ள, 45 கோடி ஆண்டுப் பழைய பென்டோனைட் இருக்கிறது. வட அமெரிக்காவின் கிழக்கில் மில்பிரிக் என்ற பென்டோனைட் உண்டு. இரண்டும் ஒரே மாபெரும் வெடிப்பின் சாம்பல் என்று 1992இல் முன்வைக்கப்பட்டது. பயோட்டைட்டின் வேதியியலும் பின்னால் வந்த நுட்பமான சிர்கான் அளவீடுகளும் அதைக் கேள்விக்குள்ளாக்கின. அட்லாண்டிக்குக்கு முந்தைய கடலைத் தாண்டிய ஒரே கோடு என்ற கவர்ச்சியான படம் இன்று முன்புபோல உறுதியாக இல்லை.

## கண்ணுக்குத் தெரியாத சாம்பல்

கடந்த சில பத்தாண்டுகளில் இத்துறையின் எல்லையை விரித்தது, அடுக்காகவே தெரியாத சாம்பல். சதுப்பு மண்ணிலோ ஏரி வண்டலிலோ ஒரு கனசென்டிமீட்டருக்குச் சில சில்லுகள் மட்டும் கலந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. இதை மறைசாம்பல் என்று சொல்லலாம். துளைமாதிரியைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சலித்து, நுண்ணோக்கியின் கீழே சில்லுகளை எண்ணிக்கொண்டு போகவேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. பலனோ பெரிது. அயர்லாந்துச் சதுப்புகளில் கண்டெடுத்து ஊர்பேர் தெரியாமல் வைத்திருந்த ஒரு மறைசாம்பல், கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அலாஸ்காவில் நடந்த வெடிப்பின், ‘வெள்ளை ஆற்றுச் சாம்பல்’ எனப் பெயர்பெற்ற சாம்பல்தான் என்று 2014இல் தெரிந்தது. அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவரை அது போயிருக்கிறது.

இந்த வகையில் மிகப் பயன்பட்டது வெட்டே சாம்பல். ஐஸ்லாந்தின் கட்லா எரிமலையிலிருந்து சுமார் 12,100 ஆண்டுகளுக்கு முன்பு வந்தது. நார்வே, ஸ்காட்லாந்து, கிரீன்லாந்துப் பனி, ரஷ்யா எனப் பல இடங்களில் கிடைக்கிறது. அது விழுந்தபோது ஐரோப்பா, இளைய டிரையாஸ் எனப்படும், ஆயிரம் ஆண்டுக்கும் மேலான கடுங்குளிரின் நடுவில் இருந்தது. அந்தக் குளிரின் பாதியில் காலநிலை சற்றே தளர்ந்த தடயம் ஜெர்மனியின் மேர்ஃபெல்டர் மார் ஏரியிலும் இருக்கிறது, நார்வேயின் கிராக்கெனெஸ் ஏரியிலும் இருக்கிறது. தடயம் ஒரே மாதிரி என்பதால் இரண்டையும் ஒரே நேரமாகக் கொள்வதே பழக்கம். இரண்டு ஏரிகளிலும் வெட்டே சாம்பலைக் கண்டுபிடித்த ஆய்வாளர்கள், 2013இல் அதை நிலைக்கோடாக வைத்து அளந்தார்கள். ஜெர்மனியில் மாற்றம் சாம்பலுக்குக் கீழே இருந்தது. நார்வேயில் சாம்பலுக்கு மேலே. தெற்கே தொடங்கிய தளர்வு வடக்கே போய்ச்சேர ஏறத்தாழ 120 ஆண்டுகள் ஆகியிருந்தன.